ஹெலிகாப்டர் வரும் என்ற பேச்சை நம்பி மேரா ஏறாதீர்கள்

கேள்வி: நேபாளத்தில் மேரா சிகரம் ஏற ஓர் ஏஜென்ட் 14 நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். “உங்கள் டிரெக்கிங் இன்ஷூரன்ஸே போதும். உடம்புக்கு ஏதாவது ஆனால் ஹெலிகாப்டரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். நம்பலாமா?

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். முதலில் உங்கள் பாலிசியில் இரண்டு இடங்களைப் படியுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பது ஒன்று. பல பாலிசிகள் 4,500 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. மேராவோ 6,476 மீட்டர். கயிறு, பனிக்கோடரி, க்ராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) கொண்டு ஏறினால் இழப்பீடு கிடையாது என்ற வரி இருக்கிறதா என்பது இன்னொன்று. மேராவின் பனியாற்றில் இவை மூன்றும் இல்லாமல் போக முடியாது. நேபாள மலையேற்றச் சங்கம் இதை ‘டிரெக்கிங் சிகரம்’ என்ற வகையில் வைத்துத்தான் பெர்மிட் கொடுக்கிறது. அந்த வகைப்பாட்டைக் காட்டித்தான் ஏஜென்ட் உங்கள் வாயை அடைக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைக் கணக்கில் எடுக்காது. சிகரத்தின் பெயர், உயரம், கருவிகள் மூன்றையும் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஏஜென்ட் விற்கும் இன்ஷூரன்ஸை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்து, அந்த 14 நாள் திட்டம். 2,860 மீட்டரில் உள்ள லுக்லாவில் இறங்கியதும் நேரே 4,610 மீட்டர் சத்ர்வா லா கணவாயைக் கடக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். விலை குறைந்த திட்டங்களில் பெரும்பாலும் இந்த வழிதான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். பையா, பாங்கோம் என்ற ஊர்கள் வழியாகத் தெற்கே சுற்றிப் போனால் சில நாட்கள் கூடும், உடம்பு பழகும். ஏஜென்ட்டுக்கு அந்த நாட்கள் செலவு, அதனால் வெட்டுகிறார். பெர்மிட்டுக்குக் கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை நாளில் இவர்களை மேலே ஏற்றுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

இப்படி அவசரமாக ஏற்றி, உயரம் பழகாமல் தலைவலி வந்ததும் ஹெலிகாப்டரில் இறக்குவது ஒரு வியாபாரமாகவே நடந்தது. டிரெக்கிங் கம்பெனி, ஹெலிகாப்டர் கம்பெனி, ஆஸ்பத்திரி எல்லாம் கைகோத்துக்கொண்டு, ஒரே ஹெலிகாப்டரில் நான்கு பேரை ஏற்றி நால்வரின் இன்ஷூரன்ஸிலும் முழு வாடகை கேட்டார்கள். 2018இல் நேபாள அரசே விசாரித்து அறிக்கை வெளியிட்டது. இடைத்தரகர்களை ஒழிப்போம் என்றார்கள். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற அதே பேச்சு இன்று உங்கள் காதில் விழுகிறது. ஒழித்த லட்சணம் அதுதான். லேசான தலைவலிக்கு மருந்து, அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வு. குறையாவிட்டால் கீழே நடங்கள். ஹெலிகாப்டர் தேவை என்று கைடு சொன்னால், இன்ஷூரன்ஸின் அவசர எண்ணுக்கு நீங்களே பேசி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் பறந்தால் பல ஆயிரம் டாலர் உங்கள் தலையில் விழலாம்.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கவனமாகப் படியுங்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், அது மூளை வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. அப்போது ஒப்புதலுக்காகக் காத்திருக்கக்கூடாது. மோசடியோ என்று யோசிக்கவும் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும், இரவானாலும் சரி. ஹெலிகாப்டர் வந்தால் ஏறுங்கள், பணத்தைப் பிறகு பேசலாம். வரும் என்று காத்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள்: மேகம் மூடினால் பறக்காது, இருட்டினாலும் பறக்காது. மூளை வீங்கியவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களுக்கே அப்படி ஆனால் யார் முடிவெடுப்பது என்பதை, கூட வருபவரிடம் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பெர்மிட் எந்த நேபாள நிறுவனத்தின் பெயரில் எடுக்கப்படுகிறதோ அதன் கணக்கில் மட்டும் ஒரு பகுதியைக் கட்டுங்கள். மீதியைக் காட்மாண்டுவில், கைடை நேரில் பார்த்து, மருந்துப் பெட்டியையும் சாட்டிலைட் போனையும் திறந்து காட்டச் சொன்ன பிறகு கொடுங்கள். ஏஜென்ட் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.