அப்பத்தாவின் கால்வலிக்கு எதற்கு இத்தனை கேள்வி?

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு 72 வயசு, ரொம்ப வருஷமா சர்க்கரை. முழங்காலும் வலி, பாதமும் வலி. காரைக்குடி டாக்டர் ஒரு படிவம் கொடுத்து நிரப்பிட்டு வரச் சொன்னார். எரியுதா, ஷாக் அடிக்குதா, மரத்துப்போகுதான்னு வரிசையா கேள்வி. எதைக் கேட்டாலும் "வலிக்குதுத்தா, விடு"ங்கிறாக. நானே டிக் அடிச்சுக் கொடுத்துடவா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: வேண்டாம். வலி எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்ட வலி என்பதுதான் அந்தப் படிவத்துக்கு வேண்டும், அது அவர் வாயாலேயே வர வேண்டும். மூட்டுத் தேய்மான வலிக்கும் நரம்பு வலிக்கும் (சர்க்கரை நாள்பட்டு நரம்பு பழுதானால் வருவது) மருந்தே வேறு. நரம்பு வலி பாராசிட்டமாலுக்கும் புரூஃபனுக்கும் பெரும்பாலும் மசியாது, அதற்கு பிரிகாபலின், டுலாக்செடின் என்று வேறு வகை இருக்கிறது. தெரியாமல் வலி மாத்திரையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சர்க்கரைக்காரருக்குக் கிட்னிதான் அடிவாங்கும்.

நீங்கள் சொல்வது, நரம்பு வலியா என்று பார்க்கும் டிஎன்4 (DN4) என்ற கேள்விப் படிவம் போலத் தெரிகிறது. பிரான்சில் உருவாக்கி 2005-ல் வெளிவந்தது. மொத்தம் 10 அம்சம், அதில் 7 நோயாளியிடம் கேட்பவை. மிச்சம் மூன்றை டாக்டரே பார்ப்பார்: தொட்டால் உணர்ச்சி குறைகிறதா, குத்தினால் சரியாகத் தெரியாமல் போகிறதா, பிரஷ்ஷால் வருடினால் வலி கூடுகிறதா. ஒவ்வொரு 'ஆம்'-க்கும் ஒரு மதிப்பெண், பத்துக்கு 4 வந்தாலே நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

முக்கியமான விஷயம், முழங்காலையும் பாதத்தையும் ஒரே படிவத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். அப்பத்தாவுக்கு இருப்பது இரண்டு வலி. தெருவிலிருந்து திண்ணைப் படி ஏறும்போது பிடித்து, கொஞ்சம் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதென்றால் அது மூட்டு. ராத்திரி படுத்த பிறகு பாதம் காந்துகிறது, சேலைக் கரை உரசினாலே பொறுக்கவில்லை, ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் குளிர்ச்சியே தெரியாமல் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை என்றால் நரம்பைத்தான் பார்க்க வேண்டும். (பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்த கால்வலி இதில் சேராது, அது பாட்டுக்குச் சரியாகிவிடும். ஆனால் மரத்துப்போன பாதத்தோடு வெறுங்காலில் அப்பத்தாவை அனுப்பிவிடாதீர்கள்.)

எடுத்த எடுப்பில் "எரியுதா?" என்று கேட்டால் "ஆமாத்தா" என்றுதான் வரும், உங்களைச் சீக்கிரம் கழற்றிவிட. "பாதம் எப்படி இருக்கு, ராத்திரி என்ன பண்ணுது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவராகச் சொல்லட்டும். சுருக்சுருக், காந்தல், குடைச்சல் என்று எந்தச் சொல் வந்தாலும் அப்படியே ஓரத்தில் எழுதுங்கள், அப்புறம் டிக் அடிக்கலாம். பிடிபடாத கேள்வியை வெறுமனே விடுங்கள், டாக்டர் கேட்டுக்கொள்வார்.

போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைந்து அதனாலேயும் பாதம் மதமதக்கலாம், அந்த ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.