வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். வயது 34. கலிபோர்னியா குழுவுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. பகலெல்லாம் வேலை, அதற்குமேல் நள்ளிரவு வரை மீட்டிங். காலையில் லேப்டாப்பைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கிறது, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறேன். ராஜினாமா செய்துவிட்டு அப்பாவின் இரண்டு ஏக்கர் தேயிலையைப் பார்க்கலாமா?

பதில்: ராஜினாமாக் கடிதம் இப்போது வேண்டாம். முதலில் ஓய்வு. கவாத்துக்கு, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடுவதற்கு, முன் சில வாரம் இலை எடுக்காமல் செடியை ஏன் விடுகிறோம் என்று அப்பாவிடம் கேளுங்கள். வேரில் மாவுச்சத்து சேராத செடியை வெட்டினால் துளிர்க்காமல் பட்டுப்போகும். வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். உங்கள் வேரில் இப்போது மிச்சமில்லை. இந்த நேரத்தில் எடுக்கும் பெரிய முடிவு எதையும் நான் நம்பமாட்டேன்.

இது சோம்பல் இல்லை, தயவுசெய்து அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். தீராத களைப்பு, வேலைமேல் ஒட்டாத மனம், எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம்: உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டுக்குச் சொன்ன மூன்று அடையாளங்கள் இவை. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நீண்டுபோனதன் விளைவு என்றது. மலைக்காற்று உங்களைக் குணப்படுத்தாததும் அதனால்தான். கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை.

இரண்டு வாரம், இரவு மீட்டிங் உட்பட, வேலை நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் 55 மணியைத் தொட்டால், 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னார்கள். அந்த நோட்டோடு மேலாளரிடம் பேசுங்கள். "வேலை அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் மாறாது. "வாரத்தில் மூன்று இரவு மீட்டிங்குக்கு வேறொருவர் வரட்டும், இரவு வேலை பார்த்தால் மறுநாள் மதியம்தான் தொடங்குவேன்" என்று திட்டமாகக் கேளுங்கள். சேர்ந்திருக்கும் விடுப்பில் மூன்று வாரமாவது லேப்டாப்பைத் திறக்காமல் எடுங்கள்.

அதற்குள் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விடுப்பிலும் எதிலும் பிடிப்பில்லை, வாழ்வே வெறுக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

தோட்டம்? அதுவும் வேலைதான். பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஜனவரி உறைபனியில் கொளுந்து கருகும், கவாத்து செய்தால் சில மாதம் இலையே இருக்காது. அப்பாவிடம் மூன்று வருட பேக்டரி பில்லை வாங்கி, பறிப்புக் கூலியும் உரச் செலவும் போக மிஞ்சுவதைக் கணக்கிடுங்கள். கவாத்து செய்த வருடத்தின் பில்லும் அதில் இருக்கட்டும். இந்தக் கணக்கை விடுப்பின் கடைசி வாரத்தில் போடுங்கள், முதல் வாரத்தில் வேண்டாம்.