கேள்வி – பதில்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: வெப்சைட் செய்துகொடுத்த டெவலப்பரே டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். வருடா வருடம் பில் அனுப்புவார், கட்டிவிடுவோம். பணம் கட்டுவது நாங்கள் என்றால் வெப்சைட் எங்களுடையதுதானே?

பதில்: பில் கட்டுவதால் மட்டும் உங்களுடையது ஆகிவிடாது. டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, பதிவுசெய்து கொடுக்கும் ரெஜிஸ்ட்ராருக்கு உங்களைத் தெரியாது. அவர்கள் பதிவில் யார் பெயரும் மெயில் முகவரியும் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் செல்லும். டெவலப்பர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. இருபது முப்பது பேருடைய டொமைனை ஒரே அக்கவுன்ட்டில் வைத்திருப்பது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான். ஆனால் அவர் தொழிலை விட்டாலோ, அந்த அக்கவுன்ட்டில் போட்டிருக்கும் கார்டு காலாவதியானாலோ அடி விழுவது உங்களுக்கு.

முதலில், டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்அப் பக்கத்தில் டொமைனைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் குழம்ப வேண்டாம். ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, நேம்சர்வர் (டொமைனின் வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) எது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்குப் போய், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தி உங்கள் மெயிலைக் கொடுங்கள். மெயில் வந்தால் உள்ளே நுழைந்து, டொமைன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். எதுவும் வரவில்லை என்றால் அது வேறொருவர் அக்கவுன்ட்டில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்குக் கொண்டுவர இரண்டு வழி. அதே ரெஜிஸ்ட்ராரிடம் நீங்கள் ஒரு அக்கவுன்ட் திறந்து, டொமைனை அதற்குத் தள்ளிவிடும்படி டெவலப்பரிடம் சொல்வது ஒன்று. சில கிளிக்கில் முடியும் வேலை. இன்னொன்று வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது. அதற்கு டெவலப்பர் டொமைனின் லாக்கை எடுத்துவிட்டு, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைத் தர வேண்டும். புது இடத்தில் ஒரு வருடக் கட்டணம் கட்டினால், டாட் காமுக்கு அந்த ஒரு வருடம் காலாவதித் தேதியோடு சேர்ந்துவிடும். மாற்றம் முடிய ஐந்து நாள் வரை ஆகலாம். பதிவுசெய்து 60 நாள் ஆகாத டொமைனை மாற்ற முடியாது. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: மாற்றுவதற்கு முன்பே உரிமையாளர் பெயரையோ மெயிலையோ திருத்தினால், பல ரெஜிஸ்ட்ரார்களிடம் அதற்கும் ஒரு 60 நாள் பூட்டு விழும். முதலில் மாற்றுங்கள், பெயரை அப்புறம் திருத்துங்கள். இதெல்லாம் டாட் காம், டாட் நெட் போன்றவற்றுக்கு. நாட்டுக் குறியீட்டில் முடியும் டொமைன்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதி.

புது அக்கவுன்ட்டுக்கு எந்த மெயிலைக் கொடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். நிறுவன டொமைனில் இருக்கும் மெயிலையே கொடுத்தால் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுபோகும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டை மாற்றும் லிங்கும் வராது. வேறு டொமைனில் உள்ள மெயிலைக் கொடுத்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அதன் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள்.

கேள்வி: டெவலப்பர் போனையே எடுப்பதில்லை. டொமைன் அவர் அக்கவுன்ட்டில். காலாவதிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பதில்: போனை விட்டுவிட்டு மெயிலில் எழுதுங்கள். 'வெப்சைட்டை ஒப்படைக்கவும்' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த டொமைனை எந்த அக்கவுன்ட்டுக்கு எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். பில், பணம் கட்டிய ஆதாரம், பழைய மெயில்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். அதே வாரம் ரெஜிஸ்ட்ராருக்கும் எழுதுங்கள். பதிவில் உரிமையாளராக உங்கள் பெயரோ நிறுவனப் பெயரோ இருந்தால், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்து மீட்டுத்தர வழி உண்டு. டெவலப்பர் பெயரே இருந்தால் தர மாட்டார்கள், அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. யுடிஆர்பி என்ற தகராறு நடைமுறை 1999 முதல் இருக்கிறது. ஆனால் அது டிரேட்மார்க் உரிமையும் எதிராளியின் தீய நோக்கமும் நிரூபிக்கப்பட வேண்டிய வழக்குகளுக்கானது. உங்கள் பெயருக்கு டிரேட்மார்க் இல்லை என்றால் வக்கீலிடம் போவதே மேல்.

டாட் காம் காலாவதியான அன்றே யார் வேண்டுமானாலும் வாங்க முடியாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு அதிகக் கட்டணத்தில் மீட்க 30 நாள், கடைசியில் 5 நாள் கழித்து அழிப்பு. 'அழிந்ததும் நாமே பிடித்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்காதீர்கள். பல ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்திலேயே ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பக்கங்களின் எழுத்தையும் படங்களையும் இறக்கிவைத்துவிடுங்கள். ஒரு மாற்று டொமைனையும் இப்போதே உங்கள் பெயரில் பதிவுசெய்து வையுங்கள்.

கேள்வி: ஹோஸ்டிங்கை மாற்றினோம். வெப்சைட் நன்றாக வருகிறது, மெயில் வருவதே இல்லை. ஏன்?

பதில்: நேம்சர்வரை மாற்றியிருப்பீர்கள். அது ஒரு வரியைத் திருத்துவது அல்ல, டிஎன்எஸ் என்ற அந்தப் பட்டியலையே, அதாவது முழுப் பதிவேட்டையே மாற்றுவது. புதுப் பதிவேட்டில் வெப்சைட்டைக் காட்டும் ஏ ரெக்கார்டு இருக்கும். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு இருக்காது. எம்எக்ஸ் இல்லை என்றால் அனுப்புகிறவரின் சர்வர் சும்மா இருக்காது. ஏ ரெக்கார்டில் இருக்கும் முகவரிக்கே, அதாவது உங்கள் புது ஹோஸ்டிங்குக்கே மெயிலைக் கொண்டுபோகும். அங்கே அப்படியொரு மெயில் பெட்டியே இல்லாததால் 550 என்ற பிழையோடு திருப்பி அனுப்பப்படும். அது நிரந்தர மறுப்பு, மறுபடி முயற்சி நடக்காது. நீங்கள் பிறகு சரிசெய்தாலும் இடையில் வந்த மெயில்கள் போனதுதான்.

பழைய டிஎன்எஸ் பக்கம் இன்னும் திறக்கிறதென்றால் எம்எக்ஸ், டிஎக்ஸ்டி, சிநேம் ரெக்கார்டுகளை ஒன்றுவிடாமல் புதியதில் சேருங்கள். நீங்கள் அனுப்பும் மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் பதிவுகள் எஸ்பிஎஃப், டிமார்க், டிகேஐஎம். டிஎக்ஸ்டியில் எஸ்பிஎஃப், டிமார்க் எளிதில் கண்ணில் படும். டிகேஐஎம் மட்டும் 'செலக்டர்' என்ற தனிப் பெயரின் கீழ் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினம். இவை விடுபட்டால் மெயில் வரும், ஆனால் நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழும். மெயில் பெட்டியே பழைய ஹோஸ்டிங்கில் இருந்திருந்தால், அந்த அக்கவுன்ட்டை மூடுவதற்குள் மெயில் ஆப்பை ஐமேப் என்ற முறையில் இணைத்துப் பழைய மெயில்களை இறக்கிவிடுங்கள்.

அடுத்த முறை நேம்சர்வர் பக்கமே போகாமல் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். முந்தின நாளே அதன் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் ஒரு ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்து வைத்தால், ஏதாவது தவறினாலும் சில நிமிடங்களில் பழையதற்குத் திரும்பலாம்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்தின் பேக்கப் என்று ஒரு ஃபைல் தந்திருக்கிறார்கள். போதுமா?

பதில்: திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அது எக்ஸ்எம்எல் ஃபைலாக இருந்தால் பேக்கப்பே இல்லை. எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்காது. பழைய தளம் மூடப்பட்டால் அந்த முகவரிகள் செத்துப்போகும். ஜிப்பாக இருந்தால் விரித்து, எஸ்க்யூஎல் என்று முடியும் டேட்டாபேஸ் ஃபைல் இருக்கிறதா, அது காலி ஃபைலாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் அப்லோட்ஸ். அங்கே படங்கள் வருடம், மாதம் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் கடைசியாகப் படம் ஏற்றிய மாதம் அதில் இல்லை என்றால் கையில் இருப்பது பழைய பேக்கப். கடைசிச் சோதனை, அதை வேறொரு ஹோஸ்டிங்கில் ஏற்றி ஓடவைத்துப் பார்ப்பது. பேக்கப்பை அதே ஹோஸ்டிங்கிலேயே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அக்கவுன்ட் முடங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

காசு கொடுத்து வாங்கும் தீம், பிளகின் லைசென்ஸ் யார் பெயரில் என்றும் கேட்டுவையுங்கள். டெவலப்பர் பெயரில் இருந்தால் அவர் போனபின் தளம் ஓடும், அப்டேட் வராது. பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

கேள்வி: புது டெவலப்பர் எல்லா பாஸ்வேர்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸில் அவருக்கென்று தனி அட்மின் பயனரை உருவாக்குங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளராக நீங்கள் இருந்துகொண்டு அவரைப் பயனராகச் சேர்த்தால் போதும். உரிமையை டிஎன்எஸ் டிஎக்ஸ்டி ரெக்கார்டு வழியாகச் சரிபார்த்துவிடுங்கள். ஹெச்டிஎம்எல் ஃபைல் வழியில் சரிபார்த்தால், அடுத்த டிசைன் மாற்றத்தில் அந்த ஃபைலை யாராவது அழிக்க, உரிமையும் சேர்ந்து போய்விடும். ரெஜிஸ்ட்ரார் லாகின் மட்டும் யாருக்கும் வேண்டாம். அவர் கேட்கும் ரெக்கார்டை எழுதித் தரச் சொல்லி, நீங்களே ஒட்டுங்கள்.