பச்சப்புள்ளைக்கு வலிக்காதா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு மேலப்பாளையம். மகனுக்கு மூன்று மாதம் ஆகிறது. இந்த மாதமே சுன்னத் செய்துவிட வேண்டும் என்று மாமி சொல்கிறார்கள். “பச்சப்புள்ளைக்கு என்னத்த வலிக்கப் போவுது? ரெண்டு நாளுல ஆறிரும்” என்கிறார்கள். வலி தெரியாமல் செய்ய வழி இருக்கிறதா என்று மட்டும்தான் நான் கேட்டேன். வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கோபம். “எனக்கும்தான் செஞ்சாங்க, நான் என்ன கெட்டா போயிட்டேன்?” என்றவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் மார்க்கத்தை மீறச் சொல்லவில்லையே, ஏன் இந்தக் கோபம்?

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரரும் இரக்கம் இல்லாதவர் இல்லை. நீங்கள் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் காதில் அது அவருடைய வாப்பாவைப் பற்றிய கேள்வியாக விழுந்திருக்கிறது. பிள்ளைக்கு வலிக்கும் என்று ஒத்துக்கொண்டால், தனக்கும் வலித்தது, தன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது லேசில் முடிகிற காரியமா? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்கள் மனதில் மோதினால் அந்த நெருடலைத் தாங்க முடியாமல் ஒன்றை நாமே மாற்றிக்கொள்கிறோம் என்றார். பெற்றவர்களின் பாசத்தைத் தள்ள மனம் வருமா? வலியைத்தான் தள்ளும்.

போன மே மாதம் ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சோடு பேச்சாக, உங்களுக்கு எப்போது செய்தார்கள் என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ஏழு வயசாம். உத்தரத்தில் கயிறு கட்டி, புண்ணில் படாதபடி வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்களாம். தினமும் கோழி, முட்டை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார்களாம். வலித்ததா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “வாப்பா வெளித்திண்ணையில போய் அழுதாங்க டாக்டர், அதுதான் ஞாபகம் இருக்கு” என்றார். பிறகு அவராகவே, “இவனுக்கு மயக்க ஊசி போட்டுத்தான செய்வீங்க?” என்று கேட்டார்.

இந்த மனம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். மாமன் மடியில் அவள் வீறிட்டு அழுதாள். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். காதில் போட்ட ஓட்டையும் வெட்டி எடுத்த தோலும் ஒன்றல்ல. தோல் திரும்ப வளராது. ஆனால் அழுகையைச் சடங்கின் ஒரு பகுதியாகக் கேட்கப் பழகிய காது ஒன்றேதான்.

“பச்சப்புள்ளைக்கு வலி தெரியாது” என்று மாமி சொல்வதை வைத்து அவர்களைக் குறை சொல்லாதீர்கள். 1980-கள் வரை டாக்டர்களே பலர் அப்படித்தான் நம்பினார்கள். போதுமான வலி மருந்து இல்லாமலேயே பிறந்த குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன்கூடச் செய்திருக்கிறார்கள். 1987-இல் நம் நாட்டிலிருந்து போன டாக்டர் ஆனந்தும் அவருடன் பணியாற்றிய ஹிக்கியும் எழுதிய கட்டுரைதான், சிசுவுக்கும் வலி உண்டு என்று உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தது. 1997-இல் கனடாவில் இன்னொன்றைக் கண்டார்கள். மரத்துப்போகும் மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள், நாலு மாதம், ஆறு மாதத் தடுப்பூசியின்போது மற்ற ஆண் குழந்தைகளைவிட அதிகம் துடித்தார்கள். நினைவில் நிற்காவிட்டாலும் உடம்பு மறக்கவில்லை.

நம்பிக்கை முதலில் வரும், காரணம் பின்னால் வரும். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மதத்துக்குச் சம்பந்தமில்லாமலேயே இது பரவியது. 1870-இல் நியூயார்க்கில் லூயிஸ் சேர் என்ற டாக்டர், கால் முடங்கிய சிறுவனை முன்தோல் நீக்கிக் குணப்படுத்தியதாக அறிவித்தார். அப்புறம் கைப்பழக்கத்தைத் தடுக்கும் என்றார்கள், அப்புறம் சுத்தம் என்றார்கள். காரணங்கள் உதிர்ந்தன, பழக்கம் நின்றது. சிறுநீர்த் தொற்று குறைவது உண்மைதான், ஆனால் ஒரு தொற்றைத் தடுக்க நூறு குழந்தைகளுக்கு மேல் செய்ய வேண்டும். 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், நன்மை அதிகம், ஆனாலும் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு நெதர்லாந்து மருத்துவர் சங்கம், நோய் இல்லாத சிறுவர்களுக்கு வேண்டாம் என்றது. ஏறக்குறைய அதே ஆதாரங்கள்தான். டாக்டர்களும் தங்கள் ஊர்ப் பழக்கத்துக்குள் நின்றுதான் படிக்கிறோம்.

புதிதாகத் தொழிலுக்கு வந்த நாளில் ஒரு வாப்பாவிடம், “இது தேவையே இல்லாத வேலை” என்று சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டார். நாலு நாள் கழித்து, ராத்திரி பதினோரு மணிக்கு, ரத்தம் நனைந்த துண்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு எங்கோ, ஊசி எதுவும் போடாமல் செய்திருந்தார்கள். நான் அன்று பொறுமையாகப் பேசியிருந்தால் அந்தப் பிள்ளை என்னிடமே வந்திருக்கும்.

ஆகவே செய்யலாமா கூடாதா என்று வீட்டில் வாதாட வேண்டாம். எந்த வயதில் என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். எப்படி என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம். வளர்ந்த பையனுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். வாயில் சீனித்தண்ணி வைத்தால் மட்டும் போதாது. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத் செய்யவே கூடாது, பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் வேண்டும். உங்கள் பக்கத்து ஆண்களில், முக்கியமாக உங்கள் உடன்பிறந்தவர்களில், யாருக்காவது காயம் பட்டால் ரத்தம் நிற்காத பழக்கம் உண்டா என்று உங்கள் உம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள். செய்த பிறகு ரத்தம் கசிந்துகொண்டே இருந்தாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்று ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு, வாதம் எதுவும் பண்ணாமல், “உங்களுக்குச் செஞ்சப்போ யார் பக்கத்துல இருந்தாங்க?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேச வேண்டாம். பிள்ளையைக் காட்ட வரும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.