பழைய லேப்டாப்பில் வேறு கம்பெனி டிவிடி டிரைவ் பொருந்துமா?

கேள்வி: என் லேப்டாப் 2008-ஆம் ஆண்டு மாடல். அதிலுள்ள டிவிடி டிரைவ் கொஞ்ச நாளாகச் சில டிஸ்க்குகளைப் படிக்கிறது, பலவற்றைப் படிப்பதில்லை. லேப்டாப் நிறுவனத்திடம் கேட்டால் அந்த மாடலுக்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லை என்கிறார்கள். இணையத்தில் வேறு பெயர்களில் நிறைய டிரைவ்கள் விற்கிறார்கள். அவற்றில் ஒன்றை வாங்கி நானே மாட்டலாமா? மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புளூரேவாகவே போட்டுவிட முடியுமா?

பதில்: மாட்டலாம். ‘வேறு கம்பெனி’ என்ற தயக்கம் வேண்டாம். லேப்டாப்பின் மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் டிரைவ் பெரும்பாலும் வேறொருவர் செய்ததுதான். ஹிட்டாச்சி-எல்ஜி, தோஷிபா-சாம்சங், பானசோனிக், லைட்-ஆன், ஆப்டியார்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எல்லா லேப்டாப் நிறுவனங்களுக்கும் டிரைவ் செய்து கொடுத்தார்கள். ஒரே மாடல் லேப்டாப்பில்கூட ஒரு தொகுதியில் ஒருவருடைய டிரைவும் அடுத்த தொகுதியில் இன்னொருவருடையதும் இருப்பது சாதாரணம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பெயரை அல்ல. தடிமன், பின்பக்க இணைப்பி, முன்பக்க மூடி, இந்த மூன்றும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். சில டிஸ்க்குகளைப் படிக்கிறது என்று சொல்கிறீர்களே, எவற்றைப் படிக்கிறது என்று கவனித்தீர்களா? சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் என்று தனித்தனியாக இருக்கிறது. சிடி எல்லாம் ஓடுகிறது, டிவிடி ஒன்றுகூட ஓடவில்லை என்றால் டிவிடி லேசர் தேய்ந்திருக்கலாம், மாற்றத்தான் வேண்டும். இரண்டிலும் தடுமாறுகிறது என்றால் லென்ஸில் தூசி படிந்திருக்க வாய்ப்புண்டு. லேப்டாப் டிரைவில் ஒரு வசதி, தட்டு வெளியே வரும்போது லென்ஸும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு (சொட்டச் சொட்ட வேண்டாம்) லென்ஸின் மேல் மெதுவாக ஒரு வட்டம் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. காய்ந்த பிறகு கீறல் இல்லாத டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் நடுக்குமிழில் ‘டிக்’ என்று உட்கார்ந்ததா என்பதையும் பாருங்கள். இதிலேயே சரியாகிவிட்டால் மீதியைப் படிக்கவே தேவையில்லை.

சரி, சரியாகவில்லை. இப்போது பழைய டிரைவை வெளியே எடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு கழற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கழற்றிய பிறகுதான் வாங்க வேண்டும். உள்ளே டிஸ்க் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் அகற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் டிரைவைப் பிடித்திருக்கும். பக்கத்தில் டிஸ்க் போன்ற சின்னப் படம் இருக்கும். அதைக் கழற்றியதும் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும். தட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உடலைப் பிடித்து இழுங்கள். சில மாடல்களில் அந்த ஸ்க்ரூ கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வரவில்லையே என்று பலம் காட்டுவதற்கு முன் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடிப் பாருங்கள்.

கையில் வந்த டிரைவை முதலில் அளவெடுங்கள். லேப்டாப் டிரைவ்களின் அகலம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 128 மில்லிமீட்டர். தடிமன்தான் மாறும். 12.7 மில்லிமீட்டர் ஒரு ரகம், 9.5 மில்லிமீட்டர் இன்னொரு ரகம். அதைவிட மெலிதான 9 மில்லிமீட்டர் ரகமும் பின்னாளில் வந்தது, ஆனால் உங்கள் காலத்து லேப்டாப்பில் அது இருக்காது. முன்பக்க பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு உலோகப் பெட்டியின் தடிமனை மட்டும் அளக்க வேண்டும். 12.7 டிரைவை 9.5 இடத்தில் நுழைக்க எந்த வித்தையும் கிடையாது. எதிர்ப்பக்கமாக, 9.5 டிரைவை 12.7 இடத்தில் வைக்க மின்சார ரீதியாகத் தடை இல்லை. ஆனால் 3.2 மில்லிமீட்டர் இடைவெளியில் அது ஆடும், இணைப்பி நேராகச் சேராமல் போகலாம், முன்னால் ஒரு கீற்றும் தெரியும். 12.7 கிடைக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?

அடுத்து பின்பக்கம். டிரைவ் லேப்டாப்போடு சேரும் முறை இரண்டு, பழையது ஐடிஇ, புதியது சாட்டா. உங்கள் 2008 மாடலில் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம் இதுதான். “என் ஹார்டு டிஸ்க் சாட்டா, அதனால் டிவிடி டிரைவும் சாட்டாதான்” என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2005-லிருந்து 2008 வரை வந்த பல லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க் சாட்டாவாகவும் டிவிடி டிரைவ் பழைய ஐடிஇ-யாகவும் இருந்தன. காரணம் இன்டெல் சிப்செட், அதாவது பிராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப் தொகுதி. அதில் ஐசிஹெச்8-எம் என்ற சிப் வரை ஓர் ஐடிஇ பாதையை உள்ளேயே வைத்திருந்தார்கள். டிவிடி டிரைவுக்கு அது போதும் என்று லேப்டாப் நிறுவனங்களும் அதையே பயன்படுத்தின. 2008-இல் சென்ட்ரினோ 2 என்ற இன்டெல் லேப்டாப் தொகுப்புடன் வந்த ஐசிஹெச்9-எம்-இல் அந்தப் பாதை எடுக்கப்பட்டது, டிவிடி டிரைவும் சாட்டாவுக்கு மாறியது. உங்கள் லேப்டாப் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. அது எந்தப் பக்கம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, டிரைவின் பின்பக்கம் சொல்லும்.

அடையாளம் எளிது. ஐடிஇ என்றால் ஒரே நீளமான இணைப்பி, அதில் இரண்டு வரிசையாக மொத்தம் 50 முனைகள். சாட்டா என்றால் நாக்கு போன்ற இரண்டு தட்டையான துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றில் 7 முனைகள், மற்றதில் 6. ஹார்டு டிஸ்க்கின் சாட்டாவில் மின்சாரப் பக்கம் 15 முனை, டிவிடி டிரைவில் 6 முனைதான். இரண்டையும் ஒன்றாக நினைத்து கேபிள் வாங்கிவிடாதீர்கள். ஐடிஇ-யையும் சாட்டாவையும் எந்த வகையிலும் நேராகச் சேர்க்க முடியாது. இடையில் மாற்றிப் பலகை வைக்க அந்தக் குழிக்குள் இடமும் இருக்காது.

மாடல் எண்ணிலேயே இதெல்லாம் பொதிந்திருக்கிறது. தோஷிபா-சாம்சங் டிரைவில் டிஎஸ்-எல்632 என்றிருந்தால் ஐடிஇ, டிஎஸ்-எல்633 என்றால் சாட்டா. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், மாட்டினால் பொருந்தாது. அதே டிஎஸ்-யு633 என்றால் சாட்டாதான், ஆனால் 9.5 மில்லிமீட்டர். ஹிட்டாச்சி-எல்ஜியில் ஜிடி என்று தொடங்குபவை 12.7, ஜியு என்பவை அதைவிட மெலிந்தவை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கருவிகளின் பட்டியல்) ‘மட்ஷிடா’ என்று தெரிந்தால் அது பானசோனிக் செய்தது. ‘ஸ்லிம்டைப்’ என்றால் லைட்-ஆன். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடமும் இரண்டு போட்டோ கேளுங்கள், ஒன்று லேபிள், இன்னொன்று பின்பக்க இணைப்பி. “எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்” என்று மட்டும் எழுதிவிட்டு இந்த இரண்டையும் காட்டாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

ஐடிஇ-யாக இருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே ஐடிஇ பாதையில் இரண்டு கருவிகள் இருக்கலாம், ஒன்று மாஸ்டர் (முதலாவது), ஒன்று ஸ்லேவ் (இரண்டாவது). மேசைக் கணினி டிரைவில் இதைத் தேர்ந்தெடுக்க ஜம்பர் என்ற சிறு செருகி உண்டு. லேப்டாப் டிரைவில் கிடையாது. சில டிரைவ்கள் லேப்டாப் சொல்வதைக் கேட்டு நடக்கும். சிலவற்றில் ஃபர்ம்வேரிலேயே (டிரைவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாஸ்டர் அல்லது ஸ்லேவ் என்று நிரந்தரமாக எழுதியிருப்பார்கள். லேப்டாப் எதிர்பார்ப்பதும் டிரைவ் சொல்வதும் முரண்பட்டால், தொடங்கும்போதே ஐடிஇ பிழை என்று திரையில் வரும், அல்லது டிரைவ் கண்ணில் படவே படாது. நல்ல டிரைவைக் கெட்டுப்போனது என்று தூக்கிப்போடுவது இப்படித்தான். 47-ஆவது முனைதான் இதைத் தீர்மானிப்பது என்பதால் அதில் கம்பி வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு, ஃபர்ம்வேரை மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. முதல் முறையாக லேப்டாப்பைத் திறக்கிறவருக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய டிரைவின் அதே மாடல் எண்ணைத் தேடி வாங்குங்கள். சாட்டாவில் இந்த மாஸ்டர்-ஸ்லேவ் பஞ்சாயத்தே இல்லை.

மூன்றாவது முன்பக்க மூடி. தனியாக விற்கும் டிரைவ்கள் தட்டையான கறுப்பு மூடியுடன் வரும், அல்லது மூடியே இல்லாமல் வரும். உங்கள் லேப்டாப்பின் ஓரம் வளைவாகவோ சாய்வாகவோ இருந்தால் அந்தத் தட்டை மூடி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் பழைய மூடியைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும். மூடியில் உள்ள சிறு துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைச் செலுத்தினால் மின்சாரம் இல்லாமலே தட்டு வெளியே வரும். மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி விடுவியுங்கள். அவை பதினைந்து வருடத்துக்கு மேல் பழையவை, அவசரப்பட்டால் உடையும்.

சிக்கல் என்னவென்றால், கொக்கிகள் விழும் இடம் டிரைவ் செய்தவருக்குச் செய்தவர் மாறும். பானசோனிக் டிரைவின் மூடி ஹிட்டாச்சி-எல்ஜி டிரைவில் உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தேர்வு உங்கள் கையில் இருந்தால், பழைய டிரைவைச் செய்த அதே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் பார்க்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு, அதுவும் லேப்டாப்பின் பெயர் அல்ல, டிரைவின் பெயர். தட்டு இல்லாமல் டிஸ்க்கை வாயில் உறிஞ்சிக்கொள்ளும் ரக டிரைவ் என்றால் அதற்கு அதே ரகம்தான் வேண்டும். லேப்டாப்பின் உடலில் வெறும் கீற்றுதான் இருக்கும், தட்டு வெளியே வர வழி இல்லை.

டிரைவின் பின்னால் ஒரு சிறிய உலோக பிராக்கெட் இருக்கும், இரண்டு குட்டி ஸ்க்ரூக்களில். அதுதான் அடிப்பக்க ஸ்க்ரூ பிடிக்கும் இடம். புதிய டிரைவுடன் அது வராது, பழையதிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். திங்க்பேட், டெல் லாட்டிடியூட் டி வரிசை போன்றவற்றில் டிரைவ் நேராக லேப்டாப்பில் சேராமல், தனி உறைக்குள் இருந்து ஒரு சிறு இணைப்புப் பலகை வழியாகச் சேரும். அங்கே உறையையும் பலகையையும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் டிரைவை மட்டும் மாற்ற வேண்டும்.

மாட்டியாயிற்று. முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் டிரைவின் பெயர் தெரிகிறதா பாருங்கள். பட்டனை அழுத்தினால் தட்டு வருகிறது, பயாஸில் பெயர் இல்லை என்றால் மின்சாரம் போகிறது, பேச்சு போகவில்லை என்று அர்த்தம். கழற்றி மீண்டும் இறுக்கமாகத் தள்ளுங்கள். பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் காணவில்லை என்றால் டிரைவ் நல்லதுதான். டிரைவர் தேடி எங்கெங்கோ பதிவிறக்க வேண்டாம், டிவிடி டிரைவுக்கு வேண்டியது விண்டோஸிலேயே உண்டு. பழைய டிஸ்க் எழுதும் மென்பொருள் ஏதாவது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு பதிவுகளை விட்டுவிட்டுப் போயிருக்கும். டிவைஸ் மேனேஜரில் 19, 39, 41 போன்ற பிழை எண்கள் வந்தால் சந்தேகம் அதன் மேல்தான். ரெஜிஸ்ட்ரியில் சிடி, டிவிடி டிரைவ்களுக்கான பகுதியை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு அந்த இரண்டையும் நீக்கி, மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போது புளூரே, அதாவது டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க் ரகம். பொருந்துமா என்றால், உங்களுடையது 12.7 சாட்டா என்று தெரிந்தால் பொருந்தும். ஐடிஇ என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள், ஐடிஇ புளூரே டிரைவ்கள் வந்ததே மிகக் கொஞ்சம். தகவல் சேமிக்க என்றால் லாபம்தான், ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, ஓர் அடுக்கு புளூரேயில் 25 ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தால் மட்டும் கவனம், புளூரே டிஸ்க்குகளில் பயன்படும் யுடிஎஃப் 2.5 கோப்பு அமைப்பை அது தானாகப் படிக்காது. விஸ்டா முதல் படிக்கும். படம் பார்க்க என்றால் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். விண்டோஸில் புளூரே படம் ஓட்டும் வசதி கிடையாது, உரிமம் பெற்ற மென்பொருள் தனியாக வாங்க வேண்டும். வாங்கினாலும் அந்தக் காலத்து பிராசஸர் முழு ஹெச்டி படத்தைத் தடங்கலின்றிக் காட்டுமா என்பது கிராபிக்ஸ் சிப்பைப் பொறுத்தது.

டிரைவ் லேப்டாப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் ஒன்றே போதும், குறிப்பாக உங்களுடையது ஐடிஇ என்று தெரியவந்தால். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் சில டிரைவ்கள் அதற்கு மேல் கேட்கும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்து நின்றுவிட்டால் இரண்டு முனையுள்ள கேபிளால் இரண்டு துளைகளிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள்.

கழற்றி விற்கும் டிரைவ் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டைச் சோதித்துவிடுங்கள். லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும், ‘புத்தம் புதியது’ என்ற பேச்சை அதோடு ஒப்பிடலாம். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் டிவிடி ரீஜன் என்ற பக்கம் இருக்கும், உலகின் எந்தப் பகுதிக்கு விற்ற படங்களை டிரைவ் ஓட்டும் என்பதைக் குறிப்பது அது. ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். முந்தைய சொந்தக்காரர் ஐந்தையும் தீர்த்துவிட்டு வேறு ரீஜனில் நிறுத்தியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய படங்கள் வழக்கமான பிளேயர்களில் ஓடாது.