வைக்கோலில் மின்சாரம் எடுப்பது ஏன் கடினம்?

கேள்வி: பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தப்படும் நெல் வைக்கோலைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கலாமே, தடை என்ன? (திருவாரூர் வாசகர்)

பதில்: தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை, பெரும்பகுதி காலத்திலும் போக்குவரத்திலும் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல் சேர்கிறது. ஆனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே கிடைப்பதால், அதற்குள் இயந்திரம் வைத்துக் கட்டுகளாக்கி, எடை குறைந்தும் இடத்தை நிறைய அடைத்தும் கொள்ளும் அந்தச் சரக்கை ஏற்றிச் சென்று, மழையும் நெருப்பும் அண்டாமல் ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைக்க வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான சிக்கல்; ஒரு தீக்குச்சியோ விவசாயிக்கு ஏறக்குறைய இலவசம்!

கொதிகலனும் எளிதில் ஒத்துழைப்பதில்லை. வைக்கோலில் சிலிக்காவும் பொட்டாசியமும் குளோரினும் மிகுந்திருப்பதால், சாம்பல் உருகிக் குழாய்களில் கட்டியாகப் படிகிறது, உலோகமும் அரிக்கப்படுகிறது.

அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 சதவீதம் தாவரக்கழிவு வில்லைகளை (வைக்கோல் போன்றவற்றை அழுத்திச் செய்யும் எரிபொருள் கட்டிகளை) கலந்து எரிக்க வேண்டும் என மத்திய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வெளியிட்டது. ஆணை வந்த வேகத்தில் வில்லை தயாரிக்கும் ஆலைகள் பெருகவில்லை. நீண்டகாலக் கொள்முதல் உறுதி இல்லாத சிறு ஆலைக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதும் இயல்புதானே.