விமான நிலையத்துக்கு அருகிலுள்ள வயலில் ட்ரோன் தெளிப்பு: அனுமதி தேவையா?

கேள்வி: எங்கள் மக்காச்சோளப் பயிரில் படைப்புழு தென்படத் தொடங்கியிருக்கிறது. ட்ரோனை வாடகைக்கு எடுத்து மருந்து தெளிக்க நினைக்கிறோம். வயலிலிருந்து விமான நிலையம் சாலை வழியாக ஏழு கிலோமீட்டர் இருக்கும். தெளிப்பு ட்ரோன் பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில்தான் பறக்கும் என்பதால் அனுமதி எதுவும் வேண்டியதில்லை என்று ட்ரோன் வைத்திருப்பவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. ட்ரோன் எவ்வளவு தாழ்வாகப் பறந்தாலும், உங்கள் வயல் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அனுமதி தேவையா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் நாட்டின் வான்பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை பறப்பதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் மண்டலத்தில் அப்பகுதியின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். சிவப்பு மண்டலம் தரையிலிருந்தே தொடங்குவதால், அங்கே மூன்று மீட்டர் உயரத்தில் பறப்பதும் நூறு மீட்டர் உயரத்தில் பறப்பதும் விதியின் பார்வையில் ஒன்றுதான்.

உயரத்தைப் பற்றிய இந்தத் தவறான நம்பிக்கை பல இடங்களில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த நிலங்களின் மேல் 200 அடி வரையிலான பகுதி பச்சையாகவும், அதற்கு மேற்பட்டது மஞ்சளாகவும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விவசாயி தாழ்வாகத் தெளித்தால் அவருக்குச் சிக்கல் வராது. அதைப் பார்த்தவர்கள் எல்லா இடத்துக்கும் அதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட நிலங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது; அங்கே தரையிலிருந்தே அனுமதி தேவை.

நீங்கள் சொல்லும் ஏழு கிலோமீட்டரையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது சாலை வழித் தூரம். விதி கணக்கில் எடுப்பது நேர்கோட்டுத் தூரத்தை. அதுவும் பயணிகள் கட்டடத்திலிருந்தோ ஓடுபாதையின் நடுவிலிருந்தோ அல்ல, நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து. பெரிய நிலையங்களின் எல்லை வெகுதூரம் நீண்டு கிடப்பதால், ஏழு என்று நினைத்தது உண்மையில் ஐந்தாகவும் இருக்கலாம். எனவே தூரத்தை நீங்களே கணக்கிட்டு முடிவுக்கு வராமல், ட்ரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்பகுதி வரைபடத்தில் உங்கள் வயலைத் தேடிப் பாருங்கள். ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பது போதாது. வயலின் நான்கு மூலைகளையும், ட்ரோன் கிளம்பும் இடத்தையும், வரப்பைத் தாண்டித் திரும்பும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் மண்டல எல்லை ஒரே நிலத்தின் குறுக்கே போகக்கூடும். விமான நிலையம் அருகில் இல்லாத ஊர்களிலும் இராணுவ வளாகம், அணுமின் நிலையம் போன்றவற்றைச் சுற்றிக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதால், அங்குள்ள விவசாயிகளும் வரைபடத்தைப் பார்க்காமல் விடக் கூடாது.

வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் பருவம் முழுவதும் அதையே நம்பியிருப்பதும் தவறு. மாநில அரசோ காவல்துறை போன்ற அமைப்போ அவசரத் தேவை ஏற்படும்போது ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை பறக்கவிடுவதற்கு முன்பும் அத்தளத்தில் புதிய அறிவிப்பு உண்டா என்று பார்ப்பதை விதிகள் ட்ரோன் இயக்குபவரின் கட்டாயக் கடமையாக வைத்திருக்கின்றன. 96 மணி நேரம் என்றால் நான்கு நாள்கள். படைப்புழு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போய்விடும். வளர்ந்த புழு குருத்துக்குள் ஆழமாக இறங்கி, தன் கழிவால் வாயிலை அடைத்துக்கொண்டபின் மருந்து அதனிடம் போய்ச் சேர்வது கடினம். உங்கள் நிலையில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ஆகவே, வரைபடத்தில் வயல் மஞ்சளாகத் தெரிந்தால் அனுமதிக்கான விண்ணப்பத்தை உடனே அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் பதில் வரும்வரை பயிரைப் புழுவிடம் விட்டுவைக்காதீர்கள். இளம் பயிராக இருந்தால் கைத்தெளிப்பானைக் கொண்டு ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் விழும்படி தெளிப்பது நல்ல பலன் தரும். படைப்புழுவைப் பொறுத்தவரை இது ட்ரோன் தெளிப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பதே என் கருத்து. பயிர் ஆள் உயரம் வளர்ந்து உள்ளே நடக்க முடியாமல் போகும் நிலையில்தான் ட்ரோனின் உதவி பெரிதாகத் தெரியும். அந்தக் கட்டத்துக்காக இப்போதே அனுமதி வாங்கி வைப்பது பயனுள்ளது. வயல் சிவப்பாகத் தெரிந்தால், இந்தப் பருவத்துக்கு ட்ரோனை மறந்துவிட்டு ஆள் வைத்துத் தெளிக்கத் திட்டமிடுங்கள்.

அனுமதி கிடைத்தால் அதில் குறித்துள்ள இடம், நேரம், உயரம் ஆகியவற்றை மீறாமல் நடக்க வேண்டும். தெளிக்கும்போது விமானமோ ஹெலிகாப்டரோ தாழ்வாக வருவது தெரிந்தால், ட்ரோனை உடனே இறக்கி வழிவிட வேண்டும். பச்சை மண்டலமாக இருந்தாலும் ட்ரோனுக்குப் பதிவெண்ணும், இயக்குபவருக்குத் தொலைவிட விமானி (ரிமோட் பைலட்) சான்றிதழும் இருக்க வேண்டும். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

வரைபடத்தைப் பார்ப்பது இயக்குபவரின் கடமை என்றாலும், நிலத்துக்காரரான நீங்கள் தெளிப்பு நாளன்று காலையில் அதை உங்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள், மருந்தைத் தண்ணீரில் கலப்பதற்கு முன்பாகவே கேளுங்கள். கலந்த மருந்தை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது என்பதால், கலந்தபின் தடை இருப்பது தெரிந்தால் அவசரத்தில் விதியை மீறித் தெளிக்கத் தோன்றும்.